புள்ளி ஆறு ஆள்

“எண்பத்தி நாலு மார்க்கு வாங்கிட்டுப் பெயிலுன்னா அது எந்தூரு கணக்குடி? நீ எதையோ மறைக்கிற—”

“நான் எதம்மா மறைக்கிறேன்? மார்க்கும் இதுலதான் இருக்குது, ஆர்.ஏ.ன்னும் இதுலதான் இருக்குது. ரெண்டையும் நானா எழுதுனேன்—”

“காப்பி அடிச்சியா? மாட்டிக்கினியா? மொதல்ல அத சொல்லு—”

“ஆறு பேரு உக்காந்த ரூமுல யாரப் பாத்து அடிக்கிறது? அவங்கதான் என்னப் பாத்து எழுதுனாங்க—”

“அவங்கல்லாம் பாஸாம்ல!”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்!”

இருவரும் ஒரே நேரத்தில் கத்தி, ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். நடுவே பாயில் கிடந்தது ஹஸ்னாவின் கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியல். பி.எஸ்ஸி. வேதியியல், நடுநாட்டுப் பல்கலைக்கழகம். ஐந்தாவது வரியில் ‘பீங்கான் வேதியியல்’ என்ற விருப்பப்பாடம். பெற்ற மதிப்பெண் 84. தரம் ஆர்.ஏ. தரப்புள்ளி 0. ஆர்.ஏ. என்பது தமிழ் மக்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று பல்கலைக்கழகம் அடைப்புக்குறிக்குள் தமிழிலும் போட்டிருந்தது: மறுதோற்றம். ஐந்து செமஸ்டராக எட்டரைக்குக் குறையாமல் நின்ற சி.ஜி.பி.ஏ. கட்டத்தில் இப்போது ஒரு சின்னக் கோடு.

“மறுதோற்றம்னா என்னாடி?”

“அடுத்த ஏப்ரல்ல வந்து திரும்ப எழுதணுமாம்.”

“நீ எங்கடி காணாம போன, மறுபடியும் தோணுறதுக்கு?”

அன்று திங்கட்கிழமை. ஹஸ்னாவுக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பட்டம் முடித்ததற்கான சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அவள் அத்தா சம்சுதீன், சீட்டு கிடைத்த நாளிலிருந்து போனில் “டீச்சரம்மா இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறார். அன்றைக்கும் கேட்டார். டீச்சரம்மா குளிக்கிறாள் என்று அம்மா சம்சாத் பேகம் சொல்லி வைத்தாள்.

சம்சாத் பேகம் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரம் பிரிக்கிறவள். சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் கப்பை இடது கையில் தூக்கி, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டு. ‘டிங்’ என்று மணி கேட்டால் பஸ்ட். மணி மங்கினால் செகண்ட். ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், கழிவு. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரிந்துவிடும். அந்த வேலைக்கே அங்கே ‘மணி பார்ப்பது’ என்றுதான் பெயர்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

துறைத்தலைவர் கோதண்டபாணி ஏற்கெனவே துக்க வீட்டுக்காரர் போல உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெமோ வந்திருந்தது. ‘தங்கள் வகுப்பில் அனைத்து மாணவர்களும் எண்பதுக்கு மேல் பெற்றது எப்படி என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

“பாடம் நடத்துனேன்னு எழுதலாம்னு இருக்கேன்” என்றார். “ஏத்துக்குவாங்களான்னு தெரியல.”

“சார், எம்புள்ள எண்பத்தி நாலு.”

“ஆமாம்மா. நல்லா எழுதுச்சு. எல்லாருமே நல்லா எழுதிட்டாங்க. அங்கதான் தப்பு நடந்துபோச்சு. ஆறு பேர்ல ஒருத்தர் கீழ நின்னே ஆகணும். அதுக்குத்தான் நாங்க மாயவன வெச்சிருந்தோம்.”

“மாயவன் யாரு சார்?”

மாயவனே வந்தார். முப்பத்திரண்டு வயது, திட்டக்குடிப் பக்கம் சொந்த ஊர், மீசையில் ஒன்றிரண்டு நரை. பதினோரு வருடமாக இந்தக் கல்லூரியில் மாணவர். ஆள் குறைவான விருப்பப்பாடம் எதுவாக இருந்தாலும் அவர் பெயர் அதில் இருக்கும். பரீட்சை ஹாலுக்கு வருவார், பதிவெண்ணை எழுதுவார், அரைமணி நேரம் கழித்து எழுந்து போவார். வகுப்பின் அடியில் அவர் கிடப்பதால் மேலே உள்ளவர்கள் எல்லோரும் பாஸ். தாவரவியலில் ஏழு பேரையும் வணிகவியலில் பதிமூணு பேரையும் கரையேற்றியவர் அவர். கல்லூரி அவருக்குப் பரீட்சைக் கட்டணமும், மதியச் சாப்பாடும், வருடத்துக்கு ஒரு பேன்ட் சட்டையும் தந்தது. ஆசிரியர்கள் அவரை ‘வாங்க’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“மன்னிச்சிருங்கம்மா” என்றார் மாயவன், சம்சாத் பேகத்தைப் பார்த்து. “என்னாலதான்.”

“நீங்க என்னா பண்ணீங்க?”

“எண்பத்தஞ்சு வாங்கிட்டேன்.”

கோதண்டபாணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு வெளிய மழை” என்று தலை குனிந்தபடியே சொன்னார் மாயவன். “கெளம்ப முடியல. சும்மா உக்காந்திருக்கமேன்னு கேள்வித்தாளப் பிரிச்சேன். பாத்தா எல்லாம் தெரிஞ்ச கேள்வியா இருக்குது. பதினோரு வருஷம் காதுல விழுந்தது சார், எங்க போவும்? கை தானா எழுதிருச்சு.”

“நம்பிக்கைத் துரோகம்யா இது” என்றார் கோதண்டபாணி.

“இப்ப எங்க வூட்டுலயும் சண்டைதான் சார். பாஸாயிட்டியாமே, இனிமே சோத்துக்கு என்னா பண்ணுவன்னு கேக்குறா.”

சம்சாத் பேகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“சார், அத வுடுங்க. எம்புள்ளைய எத வெச்சிக் கழிச்சாங்க?”

“மணி வெச்சும்மா” என்றார் அவர். “பெல் கர்வ், தமிழ்ல மணி வளைவும்பாங்க. மணி பாத்துத்தான் கிரேடு போடறது.”

சம்சாத் பேகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மணி பாத்தாங்களா?”

“பாக்காம போட மாட்டாங்க.”

“யாரு பாத்தாங்க?”

“கம்ப்யூட்டரு.”

“கம்ப்யூட்டரு தட்டிப் பாக்குமா சார்?”

“தட்டுனாத்தானேம்மா வரும்? ஆபரேட்டர் தட்டுவாரு, உடனே காட்டிரும்.”

சம்சாத் பேகம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது மகளைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னாம்மா?”

“ஒண்ணுமில்ல புள்ள. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்க. மணி பாத்துட்டாங்களாம். மணி பொய் சொல்லாது. உள்ள எங்கயோ என்னாவோ இருக்குது போல. நான் வளத்த வளர்ப்புல எங்கயோ சூடு பத்தல.”

ஹஸ்னாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஒரு நோட்டைக் கொண்டுவந்து, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் ஒரு கோட்டை வரைந்தாள்.

“இதாம்மா மணி.”

“இதா?”

“நடுவுல நெறைய பேரு, இந்த ஓரத்துல கொஞ்சம் நல்லா படிக்கிறவங்க, அந்த ஓரத்துல கொஞ்சம் பெயிலு. இந்தப் படம் மாதிரி மார்க்கு வரலன்னா, படம் மாதிரி வர்றாப்புல ஆளுங்கள மாத்தி வெப்பாங்க.”

“யாரும் தட்டிப் பாக்கலையா?”

“கீபோர்டத்தாம்மா தட்டுனாங்க.”

சம்சாத் பேகம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சூளையில் நூறு கப்பும் நல்லதாக இறங்கிய நாட்கள் உண்டு. அன்றைக்கு எந்த மேஸ்திரியும் பத்துக் கப்பை எடுத்து உடை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

“படத்த வெச்சிக்கினு பிரிச்சிருக்கானுவ” என்றாள். “அவனுவள நான் பாக்கணும்.”

புதன்கிழமை காலை சேத்தியாத்தோப்பில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நடுவில் புடைத்து இரு பக்கமும் சரியும் ஒரு சிமெண்ட் மேடு. வெள்ளையடித்து, சுற்றிலும் பூச்செடி வைத்து, திறந்துவைத்தவரின் பெயரைக் கல்லில் பொறித்திருந்தார்கள்.

“யாரு அடக்கம்டி இங்க?”

“மணி வளைவும்மா அது. நினைவுச்சின்னம்.”

“அப்ப நீதான் அடக்கம்னு சொல்லு.”

தரச் சீரமைப்புப் பிரிவின் துணைக் கட்டுப்பாட்டாளர் செல்வநாயகி நல்ல மனுஷி. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கோப்பை எடுத்துவரச் சொன்னார். பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு சொன்னார்:

“எந்தத் தப்பும் நடக்கலம்மா. எல்லாம் விதிப்படிதான் இருக்கு.”

“எண்பத்தி நாலு மேடம்.”

“அம்மா, மார்க்குங்கிறது மாணவர் வாங்குறது. கிரேடுங்கிறது பல்கலைக்கழகம் குடுக்குறது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. உங்க பொண்ணு எவ்வளவு வாங்கினாங்கங்கிறது அவங்க சொந்த விஷயம். நாங்க அதுல தலையிடறதே இல்ல.”

“அப்ப எதுக்குங்க பரீட்ச?”

“பின்ன வரிசை எப்படித் தெரியும்? இப்பப் பாருங்க. ஒவ்வொரு வகுப்புலயும் பத்து சதவீதம் மறுதோற்றம் போகணும். ஆறு பேர்ல பத்து சதவீதம் எவ்வளவு? புள்ளி ஆறு ஆள். புள்ளி ஆறு ஆளப் பெயில் பண்ண முடியுமா? முடியாது. அது மனிதாபிமானம் இல்ல. அதனால முழு ஆளாக்கிக்கிறோம். புள்ளி அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா ஒண்ணு. கீழ வந்தா விட்டுடுவோம். நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல.”

“ஆறு பேரும் நூத்துக்கு நூறு வாங்கியிருந்தா?”

“அப்படி ஒரு கல்லூரில ஆயிடுச்சு. பெரிய சிக்கல். கடைசில பேரோட அகரவரிசைய வெச்சு முடிவு பண்ணோம், கடைசியா யாரு வர்றாங்களோ அவங்கன்னு.” செல்வநாயகி கோப்பை மறுபடி பார்த்தார். “உங்க பொண்ணு ‘ஹ’. தமிழ்ல எல்லா எழுத்துக்கும் அப்புறம்தான் ‘ஹ’ வருது. எப்படிப் பாத்தாலும் அவங்கதான். அதனால ஒரு மார்க்குல போயிடுச்சேன்னு வருத்தப்பட வேண்டாம்.”

ஹஸ்னா வாயைத் திறந்தாள். “மேடம், எல்லாருமே நல்லா படிச்சிருந்தா எல்லாருக்கும் நல்ல கிரேடு குடுக்கறதுல என்ன தப்பு?”

செல்வநாயகியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு அதிர்ச்சி தெரிந்தது.

“பாப்பா, அப்படிக் குடுத்தா தரம்னு ஒண்ணு எங்க இருக்கும்? தரம் எப்படித் தெரியுது? கீழ ஒருத்தர் கிடக்கறதாலதான தெரியுது? எல்லாரும் படிச்சு வந்துட்டா, பல்கலைக்கழகம்னு ஒண்ணு எதுக்கு? ஜனங்க எங்களப் பாத்துக் கேக்க மாட்டாங்களா?”

“கேக்கத்தான் மேடம் வந்திருக்கோம்” என்றாள் சம்சாத் பேகம்.

குறைதீர் குழு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூடும், அங்கே முறையிடலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் செல்வநாயகி. “இந்த வருஷம் முந்நூத்திப் பத்து மனு வந்துச்சு” என்றார் பெருமையாக. “அதுல கரெக்டா பத்து சதவீதத்த ஏத்துக்கிட்டோம். இந்த மாச ஒதுக்கீடு மட்டும் முடிஞ்சிருச்சு.”

வெள்ளிக்கிழமை குழு பன்னிரண்டரைக்குக் கூடியது. நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் பேராசிரியர் வளவன். வலப்பக்கம் புள்ளியியல் பேராசிரியரும் சட்ட அதிகாரியும். இடப்பக்கம் தமிழ்ப் பேராசிரியரும் உடற்கல்வி இயக்குநரும். எதிரே சம்சாத் பேகமும் ஹஸ்னாவும் நின்றார்கள். மூலையில் ஒரு எழுத்தர் தீர்மானங்களை எழுதிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா” என்றார் வளவன்.

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சட்டிபிகேட்டு குடுக்கலன்னா சீட்டு போயிரும் சார். அவ்வளவுதான்.”

“எண்பத்து நாலு பெற்ற மாணவி” என்று எழுத்தர் நினைவுபடுத்தினார்.

“அந்த எண்ணை அவையில் சொல்லாதீங்க” என்றார் சட்ட அதிகாரி. “அது தீர்ப்பைப் பாதிக்கும்.”

புள்ளியியல் பேராசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “உண்மையச் சொன்னா புள்ளி ஆறுதான் பெயில். மீதி புள்ளி நாலு அநியாயமா மாட்டியிருக்கு. அந்தப் புள்ளி நாலை விடுவிச்சிரலாம்.”

“எப்படி விடுவிக்கிறது?”

“நாற்பது சதவீதச் சான்றிதழ். பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி வரைக்கும் அச்சடிச்சுக் குடுத்துடலாம். ‘பட்டம் பெற்றார்’ங்கிற வரி மீதி அறுபதுல வருது.”

“போட்டோ?” என்றார் சட்ட அதிகாரி.

“கழுத்து வரைக்கும்.”

“தலையெழுத்து” என்றாள் சம்சாத் பேகம்.

“மனுதாரர் கேட்கப்பட்டால் மட்டும் பேசவும்” என்றார் எழுத்தர்.

தமிழ்ப் பேராசிரியர் வாஞ்சையோடு முன்னால் சாய்ந்தார். “மகளே, நீ ஏன் இதைத் தோல்வி என்று எண்ணுகிறாய்? நாங்கள் அந்தச் சொல்லையே ஒழித்துவிட்டோமே! மறுதோற்றம். நான் ஆக்கிய சொல். எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது பார்த்தாயா அதில்?”

“பி.எட். காலேஜ்ல நம்பிக்கைய வாங்கிக்க மாட்டாங்க ஐயா” என்றாள் ஹஸ்னா.

“ஓட்டப்பந்தயத்துல ஆறு பேர் ஓடினா ஒருத்தர் கடைசிதான் வருவாங்க” என்றார் உடற்கல்வி இயக்குநர். அவர் அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான்.

“கடைசியா வந்தவன ஓடவே இல்லன்னு எழுதுவீங்களா சார்?” என்றாள் சம்சாத் பேகம். அதை எழுத்தர் குறிக்கவில்லை.

வளவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். முக்கியமான விஷயங்களை நின்றுதான் சொல்வார் போலிருந்தது.

“இங்க பாருங்கம்மா. இந்தப் பல்கலைக்கழகம் யாரையும் கைவிட்டதில்ல. உங்க பொண்ணோட கல்லூரில மாயவன்னு ஒருத்தர் இருந்தார். பதினோரு வருஷம் தன்னலமில்லாம உழைச்சார். அவர் தேர்ச்சி பெற்றதால இப்ப அந்த இடம் காலி. இது மாதிரி நாப்பத்தியொரு கல்லூரில தேவை இருக்கு. அதனால அந்த ஏற்பாட்ட முறைப்படுத்தி, ‘நிலைப்படுத்துநர்’னு ஒரு பதவியே உருவாக்கியிருக்கோம். உங்க பொண்ணுக்கு முன்னுரிமை தரலாம்னு இருக்கோம். மதியச் சாப்பாடு உண்டு. விடுதி உண்டு. வருஷா வருஷம் பெயிலாகணும், அவ்வளவுதான் வேலை. மத்த பிள்ளைங்க பட்டமெல்லாம் இவங்க தோள்மேல நிக்கும். ஆசிரியர் வேலைல கூட இவ்வளவு பிள்ளைங்கள மேல தூக்கிவிட முடியாது.”

“அவ டீச்சராவணும் சார்.”

“ஆகலாமே! நிலைப்படுத்துநருக்கு வயசு வரம்பு அம்பத்தெட்டு. அதுக்கப்புறம் தேர்ச்சி குடுத்துருவோம்.”

ஹஸ்னா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

எழுத்தர் தீர்மானங்களை வாசித்தார். மனு ஏற்கப்படவில்லை. ஆர்.ஏ. உறுதிசெய்யப்பட்டது. நாற்பது சதவீதச் சான்றிதழ் குறித்து ஆராயத் துணைக்குழு அமைக்கப்படும். துணைக்குழு அடுத்த மாதம் இருபதாம் தேதி கூடும்.

“நாளைக்குதான் சார் கடைசி” என்றாள் ஹஸ்னா.

“துணைக்குழுவில் சொல்லுங்கள்” என்றார் எழுத்தர். பக்கத்தைப் புரட்டினார். “பொருள் ஏழு. குழு உறுப்பினர்களின் இன்றைய பணி குறித்த சுயமதிப்பீடு. ஐவருக்கும் ‘ஓ’, மிகச் சிறப்பு. ஐவராலும் ஏகமனதாக ஏற்கப்பட்டது.”

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேனாக்களும் மூடப்பட்டன. தேநீர் வந்தது. வளவன் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

ஹஸ்னா கதவு வரைக்கும் போய்விட்டாள். அம்மா பின்னால் வரவில்லை. சம்சாத் பேகம் மேசையருகே நின்று, விரலை நீட்டி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரைக்கும் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். புள்ளியியல் பேராசிரியருக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அஞ்சு பேரு இருக்கீங்க சார். நூத்துக்குப் பத்துன்னா புள்ளி அஞ்சு ஆளு. புள்ளி அஞ்சு வந்தா முழு ஆளா எடுத்துக்கணும்னு அந்த மேடம் சொன்னாங்க. உங்கள்ல யாருங்க அது?”